யாரிடம் சொல்வான்?

மடத்துக்குளத்தில், பொழுது விடியுமுன்பே தாயும் தகப்பனும் மில் ஷிப்டுக்குப் புறப்பட்டுவிடும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பையனின் முகத்தைப் பகலில் பார்க்கிற பெரியவர் ஆசிரியர் ஒருவரே. அதனால்தான், ஒரு பையன் உயிரை மாய்த்துக்கொண்டால், "வாத்தியார் கவனித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிடுகிறோம். இது நியாயமா?

ஐரோப்பாவில் 10 நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடையே நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. அபாயக் குறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மனத்துயரைப் பற்றிப் பேசவும் உதவி கேட்கவும் மாணவர்களையே பழக்கியபோது, தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாயின.

அப்படியானால் ஆசிரியருக்கு வேலையில்லையா? உண்டு, ஆனால் அது காவற்காரர் வேலை அல்ல என்பதே என் எண்ணம். வாய் திறக்க அஞ்சுகிறவனின் துயரத்தை எவ்வளவு கூர்மையான கண்ணும் தவறவிடலாம். சொன்னால் அவமானமில்லை என்ற நம்பிக்கை முதலில் பிறக்க வேண்டும். விடைத்தாளை நாற்பது பேர் முன்னிலையில் வீசியெறியாத ஆசிரியர் அந்த நம்பிக்கையை விதைக்கிறார்.

பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. வீட்டுத் திண்ணையில் நாம் நிறுத்திவிட்டோமா? வீட்டில் சொல்ல முடியாததைப் பள்ளியில் மட்டும் அவன் எப்படிச் சொல்வான்?