சுவரில் ஒரு சுடுமண் பலகை

பொருளாசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பொன்னையும் நிலத்தையும் பணத்தையுமே கண்முன் நிறுத்துகிறோம். அவற்றைக் கண்டிப்பது எளிது. மறையுரையில் அதற்குச் சொற்பஞ்சமும் இல்லை. ஆனால் அழகின்மேல் கொண்ட காதலால் பொருள் சேர்ப்பவனை எந்தத் தராசில் நிறுப்பது? அவன் உலோபி அல்லன். வட்டிக்கு விடுபவனும் அல்லன். இறைவன் படைப்பில் வைத்த ஒளியின் ஒரு கீற்றைக் கண்டு மயங்கியவன். அவனுடைய பற்று நற்பண்பா, குற்றமா, இரண்டுக்கும் இடைப்பட்டதா? ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே இதனை ஆராய்வோம்.

சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய வடபுல நாடுகளில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுவரில் மாட்டுவதற்கென்றே பீங்கான் பலகைகள் செய்யப்பட்டன. மீன், பறவை, பூ, வீடு, குழந்தை முகம் என்று எளிய உருவங்கள். நொறுக்கிய சுடுமண் துகள் கலந்த சொரசொரப்பான களிமண்ணை அச்சில் அழுத்தி, வேண்டிய இடத்தில் மட்டும் மெருகு பூசி, கடுஞ்சூளையில் சுட்டார்கள். மெருகு படாத பகுதி செங்கல்லைப் போலக் கரடாக இருக்கும். மெருகு பள்ளங்களில் தேங்கி ஆழ்ந்த நீலமாகவோ பச்சையாகவோ மின்னும். சுவீடனில் குஸ்தாவ்ஸ்பெர்க் ஆலையில் 1954 முதல் 1980 வரை பணியாற்றிய லிசா லார்சன், பின்லாந்தின் அராபியா ஆலையில் 1942-இல் சேர்ந்த ரூத் பிரிக் ஆகியோரின் கைவண்ணத்தை இன்று உலகெங்கும் பலர் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். ரூத் பிரிக் தம் ஓவியத்தை முதலில் அச்சில் கீறிக்கொள்வார். அதில் வார்த்தெடுத்த களிமண்ணில் அந்தக் கோடுகள் வரப்புகளாக எழுந்து நிற்கும்; வரப்புகளுக்கிடையே வயலில் நீர் நிற்பதுபோல் மெருகு நிற்கும். 1951-இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் அவருக்குப் பெரும்பரிசு கிடைத்தது.

இந்தப் பொருள்கள் எந்த எண்ணத்திலிருந்து பிறந்தன என்பதைக் கவனித்தால்தான் நம் கேள்வியின் கூர்மை புலப்படும். 1899-இல் எல்லன் கே என்ற சுவீடன் பெண்மணி, அழகு எல்லோருக்கும் உரியது என்று ஒரு நூல் எழுதினார். (அவர் கிறிஸ்தவத்தைக் கடுமையாக விமரிசித்தவர்; ஆயினும் இந்த ஒரு கருத்தில் நம் நாட்டுப் பல பங்குகளைவிட நற்செய்திக்கு நெருக்கமாக நின்றார் எனலாம்.) 1919-இல் கிரெகோர் பவுல்சன், அன்றாடப் பொருள்கள் அழகாக இருக்க வேண்டும் என்பதையே ஓர் இயக்கத்தின் முழக்கமாக்கினார். 1937-இல் குஸ்தாவ்ஸ்பெர்க் ஆலையையே சுவீடனின் கூட்டுறவு ஒன்றியம் வாங்கியது. ஏழையின் மேசைக்கும் சுவருக்கும் அழகு சென்று சேர வேண்டும் என்பதே இவ்வளவு முயற்சிக்கும் உள்நோக்கம்.

சேர்ந்ததா? 1917-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வீட்டுப்பொருள் கண்காட்சிக்காக வில்ஹெல்ம் கோகே ஓர் உணவுக்கலத் தொகுதியை உருவாக்கினார். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூவேலை. தொழிலாளர் தொகுதி என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆனால் அதனை விரும்பி வாங்கியோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. தொழிலாளர் வீடுகளில் அது அவ்வளவாக நுழையவில்லை. ஏழைக்கு எது அழகு என்று ஏழையைக் கேளாமலே முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். பீடத்தில் பிளாஸ்டிக் பூ வைக்கும் மூதாட்டியைக் கண்டு அருட்பணியாளர் சிலர் முகம் சுளிப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது நிற்க.

எல்லோருக்கும் என்று செய்யப்பட்ட பொருள், இன்று கிடைத்தற்கரியது என்பதாலேயே விலை ஏறி, சிலருடைய சுவர்களில் மட்டும் தொங்குகிறது. இது காலத்தின் குற்றமா, சேகரிப்பவரின் குற்றமா?

பிற கலங்களுக்கும் சுவர்ப் பலகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோப்பையில் குடிக்கலாம், தட்டில் உண்ணலாம். அவற்றைக் கையில் கொண்டால்தான் பயன். சுவர்ப் பலகையோ பார்ப்பதற்கு மட்டுமே உள்ளது. புனித தோமா அக்குவினார் நன்மைக்கும் அழகுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில்தான் காண்கிறார். நன்மையைப் பெறும்போது நம் விருப்பம் அமைதியடைகிறது. அழகிலோ காண்பதிலேயே, அறிவதிலேயே அது அமைதியடைகிறது. அப்படியாயின், காண்பதோடு நிறைவு பெற வேண்டிய ஒன்றை உடைமையாக்க முனைவானேன்? கண்ணுக்கு உரியதைப் பெட்டகத்துக்கு உரியதாக்கும்போது, நாம் நாடுவது அழகை அன்று, வேறெதையோ என்று ஐயுற இடமுண்டு.

இதற்குச் சேகரிப்பவர் ஒரு விடை தருவார். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. காண்பதற்குக் காலம் வேண்டும் என்பார் அவர். அருங்காட்சியகத்தில் கூட்டத்தோடு நடந்துகொண்டே பார்ப்பது பார்வையாகாது. டிசம்பரில் ஹெல்சிங்கி நகரில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. அந்த இருளில் விளக்கொளியில் ஒரு முகமும், வேனிலின் சாய்ந்த வெயிலில் வேறொரு முகமும் அந்த மெருகு காட்டும். அதனோடு குடியிருந்தவனுக்கே அது தெரியும். உடைமை என்பது நீண்டநேரம் பார்ப்பதற்குக் கொடுக்கும் வாடகை. இன்னும் ஒன்றும் சொல்வார்: புதுப்பாணி வந்தபோது இப்பலகைகள் பழங்குப்பையாயின, பெற்றோர் இறந்ததும் பிள்ளைகள் அள்ளி எறிந்தனர், நாங்கள் எடுத்து வைத்ததால்தான் இவை எஞ்சின. இது நமக்கும் புரியக்கூடியதே. செட்டிநாட்டு வீடுகள் கைமாறியபோது வெளிவந்த சுவீடன் நாட்டு எனாமல் அடுக்குகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர்கள் எடுத்து அடுக்கியிராவிட்டால் அவை பழைய இரும்போடு போயிருக்கும்.

இவ்விரண்டு விடைகளையும் நான் ஏற்கிறேன். ஆனால் ஏற்றபின் இரண்டு கேள்விகள் கேட்பேன்.

முதலாவது: விருப்பம் அமைதி அடைந்ததா? ஒரு பலகையின் முன் நெடுநேரம் நிற்பவனை எனக்குப் புரிகிறது. பத்துப் பலகைகளை மாட்டிவிட்டுப் பதினொன்றாவதற்கான வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன், மாட்டியவற்றைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினம். ஏதோ ஒரு பழைய கிடங்கு திறக்கப்படுகிறது; அவனிடமுள்ள அதே பலகை, பழுதின்றி, ஐந்நூறு கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவன் மகிழ்வானா, வருந்துவானா? அழகைக் காதலிப்பவன் மகிழ வேண்டும். ஐந்நூறு வீடுகளில் இனி அது ஒளிரும். எல்லன் கே விரும்பியது நிறைவேறும். அவனுடைய பலகையிலிருந்து ஒரு துளி மெருகும் குறைந்துவிடவில்லை. அவன் உள்ளம் கனத்தால், இழந்தது என்ன? தான் மட்டும் வைத்திருக்கும் பெருமை. பிறர் நன்மை கண்டு வருந்துவதையே பொறாமை என்று அறநூலார் வகுத்தனர். அழகின் பெயரால் அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதுதான் இங்கே அஞ்சத்தக்கது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சேகரிப்பவர் கையில் இப்பலகை வந்ததும் முதலில் அதனைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கிறார். ஆலையின் முத்திரையும் கலைஞரின் கையொப்பமும் அங்கேதான் உள்ளன. விலையைத் தீர்மானிப்பவை அவை. அராபியா ஆலையில் பணிபுரிந்த காய் பிராங்க் (1911–1989) இதனை அன்றே எதிர்த்தார். ஆலையில் பலர் கூடிச் செய்யும் பொருளுக்கு ஒருவர் பெயரைச் சூட்டி விற்பது தகாது என்பது அவர் வாதம். அவர் வடிவமைத்து 1953-இல் விற்பனைக்கு வந்த கில்டா என்னும் எளிய கலங்கள், 1981-இல் தீமா என்ற பெயரில் மறுபிறப்பெடுத்து இன்றும் விற்கப்படுகின்றன. ஆனால் ஹெல்சிங்கியில் அராபியா ஆலையின் பீங்கான் உற்பத்தி 2016-இல் நின்றுவிட்டது. சூளையில் வெந்தவர்களின் பெயர் எந்தப் பின்புறத்திலும் இல்லை. கதீட்ரல்களைக் கட்டியவர் பலரின் நிலையும் அதுதானே?

புனித தோமா உடைமையை மறுப்பவர் அல்லர். பொருளைத் தனக்கெனப் பேணுவதும் பகிர்வதும் மனிதனுக்குத் தகும். பயன்பாட்டில் மட்டும் அதனைப் பொதுவெனக் கருத வேண்டும் என்கிறார். சோற்றுக்கும் துணிக்கும் இதனைப் பொருத்திப் பார்ப்பது நமக்குப் பழக்கம். சுவர்ப் பலகைக்கு எப்படிப் பொருத்துவது? அதன் பயன்பாடு பார்வை. ஆகவே பார்வை பொதுவாக வேண்டும். ரூத் பிரிக் 1975-இல் பற்பல சிறு ஓடுகளைச் சேர்த்து அமைத்த 'வெயிலில் நகரம்' என்ற பெரும் படைப்பு ஹெல்சிங்கி நகர மன்றத்தில் உள்ளது. அவரும் அவர் கணவர் தாபியோ விர்க்காலாவும் விட்டுச் சென்றவற்றை எஸ்போ நகர அருங்காட்சியகம் 2017 முதல், பூட்டிய அறையில் அன்றி, வருவோர் காணும் கண்ணாடித் தட்டுகளில் வைத்திருக்கிறது.

தனியார் வீட்டில் இவ்வளவு இயலாது. ஆனால் கதவைத் திறந்து வைக்கலாம். விருந்தினரின் குழந்தை விரலால் அந்த மீனின் செதிலைத் தடவினால் பதறாமல் இருக்கலாம். முதுமை வந்தபின், யார் எந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார் என்பதை நினைவில் வைத்திருந்து, உயிரோடிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கழற்றி அவரவர் கையில் கொடுத்தனுப்பலாம். இறந்தபின் ஏலத்துக்குப் போகும் என்று தெரிந்தும் ஆணியிலேயே விட்டு வைப்பவர்தாம் மிகுதி.