யாருடைய சப்தம்?

நம் வீட்டு மோட்டார் ஓடும்போது நமக்குக் கேட்பது தண்ணீர். அடுத்த வீட்டு மோட்டார் ஓடும்போது நமக்குக் கேட்பது சப்தம். காது இரண்டையும் ஒரே விதமாகத்தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒன்றோடு தொட்டி நிறைகிறது, காலையில் குளிக்கலாம் என்ற நிம்மதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்றொன்றோடு எதுவும் வருவதில்லை. ஆகையால் சப்தம் போடுகிறவனைப் பார்த்து, "உனக்குக் காது கேட்கவில்லையா?" என்று கோபிப்பதில் அர்த்தமில்லை. அவனுக்கு உண்மையாகவே கேட்கவில்லை.

கடலூரில், மஞ்சக்குப்பத்துப் பக்கம் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருபது வருஷம் உழைத்துச் சேர்த்த பணம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளம். கெடிலமும் பெண்ணையாறும் இருக்க, தேவனாம்பட்டினத்தில் கடலே இருக்க, வீட்டுக்குள் ஒரு குளமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நான் கேட்க மாட்டேன். அந்த ஆறுகளில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் எத்தனை என்பதும், அந்தக் கடலின் அலை எப்படிப்பட்டது என்பதும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தன் குழந்தை தன் கண்ணெதிரே நீந்த வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவது குற்றமல்ல.

ஆனால் ஊர்க்குளத்தை மழையும் வெயிலும் மீனும் பார்த்துக்கொள்வதுபோல வீட்டுக் குளத்தை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. அதன் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, மறுபடியும் குளத்தில் விடவேண்டும். தினமும் பல மணி நேரம். விட்டுவிட்டால் சில நாளில் பச்சைப் பாசி. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று சுற்றுகிற அந்த மோட்டாரை எங்கே வைப்பார்கள்? சொந்தப் படுக்கையறைக்குப் பக்கத்திலா? கொல்லை மூலையில், மதிலை ஒட்டித்தான் வைப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் ஜன்னல்.

ஆசிரியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் கண்டபோது மெதுவாக ஆரம்பிக்கிறார்:

"தம்பி, ராத்திரியிலேகூட மோட்டார் ஓடுது போலிருக்கே?"

"ஆமாம் சார், ஓடிக்கிட்டே இருந்தாத்தான் தண்ணி சுத்தமா இருக்கும். பேரப் பசங்களை அனுப்பி வைங்க சார், நல்லா நீந்தட்டும்!"

அவ்வளவுதான்; பேச்சு முடிந்துவிட்டது. ஒருவர் குறையைச் சொன்னார். மற்றவர் அதைக் குசலம் விசாரிப்பதாக எடுத்துக்கொண்டு விருந்துக்கே அழைத்துவிட்டார். இருவருமே நல்லவர்கள். அதுதான் சங்கடம். நடுநிசியில் ஆசிரியருக்கு நெஞ்சு வலி என்றால் காரை எடுத்துக்கொண்டு ஓடிவரப் போகிறவர் இந்தத் தம்பிதான். அந்த உறவைப் பணயம் வைத்துத்தான் தம் தூக்கத்தை அவர் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலோர் தூக்கத்தை விட்டுவிட்டு உறவை வைத்துக்கொள்கிறார்கள். "இத்தனை நாளாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்று பிற்பாடு நாம் ஆச்சரியப்படுகிறோம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதைப் போல அநியாயம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளுக்கு உரிய அளவு பகலில் 55 டெசிபல். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45. தன் வீட்டுக்குள் எழுப்பும் சப்தமானாலும், அது எல்லை தாண்டிப் போய்ப் பிறருக்குத் தொல்லையானால் அதற்கு உரிமை கிடையாது என்று 2005இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் ஓய்வூதியக்காரர் ஒருவர் டெசிபல் அளக்கும் கருவியோடு நள்ளிரவில் மதிலோரம் நிற்பதை நினைத்துப் பாருங்கள்! சட்டம் சண்டைக்குத் துணிந்தவர்களுக்கு உதவும். நம் ஆசிரியர் அந்த ஜாதி அல்ல.

லண்டனில் ஒரு மருத்துவர் துணிந்தார். விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர். அவர் சமையலறையில் இரண்டு பெரிய உரல்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக இடித்துக்கொண்டிருந்தவை. பின்பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மருத்துவர், தம் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டிக்கொண்டு, உரல் சப்தத்தில் வேலை செய்ய முடியவில்லை என்று வழக்குப் போட்டார். 1879இல் மருத்துவர் பக்கம் தீர்ப்பாயிற்று. உரல் முந்தியா, அறை முந்தியா என்றால் சந்தேகமில்லாமல் உரல்தான் முந்தி. ஆயினும் உரல் தோற்றது.

இந்த வழக்கை 1960இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் எடுத்து அலசினார். மிட்டாய்க்காரரால் மருத்துவருக்குத் தீங்கு என்பது போலவே, உரலை நிறுத்தினால் மருத்துவரால் மிட்டாய்க்காரருக்குத் தீங்கு. தீங்கு இரு பக்கமும் இருக்கிறது, எதைத் தவிர்ப்பது லாபம் என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கணக்காக இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கு இரு கட்சியும் வாய் திறந்து பேச வேண்டுமே! பேச முடியாதவனுடைய நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறும்?

சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்கிறோம். ஆகாயத்தின் குணம் சப்தம் என்பது நம் பழைய தத்துவ நூல்களின் முடிவு. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். இதில் ஓர் உலக விவகாரமும் இருக்கிறது. நிலத்தை அளந்து பட்டா எழுதி மதில் எழுப்பிவிடலாம். ஆகாயத்துக்குப் பட்டா கிடையாது. என் சப்தம் நான் கிரயம் வாங்காத ஓர் இடத்தின் வழியாகத்தான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது.

"நீச்சல் குளம் ஆடம்பரம், அதனால்தான் இவ்வளவு பேச்சு" என்று சிலர் நினைக்கலாம். மும்முனை மின்சாரம் வருகிற நேரம் பார்த்து நடுநிசியில் எழுந்து பம்புசெட்டைப் போடுகிற காட்டுமன்னார்கோயில் விவசாயியிடம் யாரும் டெசிபல் பேசுவதில்லை. 1957இல் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கத்துக்கே ஆபத்து. இவற்றை நாம் பொறுத்துக்கொள்கிறோம், பொறுப்பது நியாயமும்கூட. ஆனால் 'அவசியம்' என்பது எல்லாரும் தங்களுக்கே சூட்டிக்கொள்கிற பட்டம். குளம் கட்டியவரும் அதைத்தான் சொல்வார். ஆகவே, இது வேண்டியதா வேண்டாததா என்பதை விட்டுவிட்டு, இதே வேலையை இதைவிட அமைதியாகச் செய்ய முடியுமா என்று கேட்பது நல்லது.

முடியும். அந்தச் சப்தத்தில் பெரும்பகுதி மோட்டாருக்கே தேவையில்லாதது. பேரிங் தேய்ந்தால் அது கீச்சிடும். இழுக்கிற பக்கத்துக் குழாயில் அடைப்போ காற்றோ இருந்தால் உள்ளே கூழாங்கல் உருளுவதுபோலக் கடகடக்கும். அடியில் நட்டு தளர்ந்தால் அதிரும். குழாயை மதிலோடு இறுக்கிக் கட்டியிருந்தால் மதிலே மத்தளமாகிவிடும். கனமான சிமெண்டு மேடை, மோட்டாருக்கு அடியில் ரப்பர் தகடு, குழாயில் ஒரு ரப்பர் இணைப்பு, மதிலை விட்டு இரண்டு கஜம் தள்ளி ஓர் இடம்: இவ்வளவில் பாதித் தொல்லை தீரும். மேலே பெட்டி செய்து மூடுகிறவர்கள் காற்றுக்கு வழி விட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரின் காயில் எரிந்துபோகும். வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய மோட்டார்களும் வந்திருக்கின்றன. பாதி வேகத்தில் பாதித் தண்ணீர்தான் வரும். ஆனால் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் முன்பு ஆனதில் கால் பங்குதான் ஆகும். அதையும் பகலில் ஓட்டிவிட்டால் இரவில் நிறுத்தி வைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கரண்டு பில்லுக்காகவே மோட்டாரை மாற்றலாம். அப்போதும் ஆசிரியர் தூங்குவார். பலன் ஒன்றுதானே, எண்ணம் எதுவானால் என்ன? எனக்கு இதில் சம்மதமில்லை. பில்லுக்காக மாற்றியவர், நாளைக்கு அதே மூலையில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைப்பார். ஒரே ஒரு ராத்திரி, பத்து மணிக்குமேல் தம் மோட்டாரை ஓடவிட்டு, ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டவர் வைக்க மாட்டார்.

கேட்கிறவன்தான் மனத்தை அடக்கப் பழக வேண்டும் என்பாரும் உண்டு. ரோமாபுரியின் தத்துவ ஞானி செனெகா ஒரு குளிப்பு மண்டபத்துக்கு நேர் மேலே குடியிருந்தார். பளு தூக்குகிறவர்களின் முனகல், உடம்பு பிடித்துவிடுகிறவனின் கைத்தட்டல், குளத்தில் தொப்பென்று குதிக்கிறவர்கள், பலகாரம் விற்கிறவர்களின் கூவல் எல்லாவற்றையும் தம் நண்பருக்கு ஒரு கடிதத்தில் ரசமாக எழுதிவிட்டு, உள்ளம் அமைதியாக இருந்தால் வெளியோசை ஒன்றும் செய்யாது என்று நீளமாக வாதிக்கிறார். வாதித்து முடித்துவிட்டு, கடைசியில் அந்த இடத்தை விட்டுப் போய்விடப் போவதாகச் சொல்கிறார்! செனெகா பெரிய செல்வந்தர். போவதற்கு வேறு இடம் இருந்தது. மஞ்சக்குப்பத்து ஆசிரியருக்கு, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் கட்டிய அந்த ஒரு வீடுதான். வேண்டுமானால் அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், சித்திரை மாதத்துக் கடலூரில்.