பச்சைக் கட்டம் உங்களுடையது

பீரோவில் பத்திரத்தோடு மடித்து வைத்திருப்பீர்களே மனைப்பிரிவு வரைபடம், அதை எடுங்கள். உங்கள் மனை எண்ணைத் தேடாதீர்கள். அதை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. ஏதோ ஒரு மூலையில் பச்சை அடித்து ‘பூங்கா’ என்று எழுதிய கட்டம் இருக்கும். இப்போது எழுந்துபோய் அந்த இடத்தை நேரில் பாருங்கள். சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறதா? யாரோ இறக்கிய ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்திருக்கிறதா? ஓரமாக ஒரு தகரக் கொட்டகை முளைத்து, அதற்கு மீட்டர் பெட்டியும் வந்துவிட்டதா?

அப்படியானால் களவு போய்க்கொண்டிருப்பது உங்கள் சொத்து!

“அது கவர்மென்ட் இடம் சார், நமக்கெதுக்கு வம்பு?” இந்தப் பேச்சை முதலில் நாக்கிலிருந்து பிடுங்கி எறியுங்கள். தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டித் தப்பிக்கலாம். அதைத் தாண்டினால் நிலத்தையேதான் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான். இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-இல் விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சரி, அந்தப் பத்து சதவீதத்தை மனை விற்றவர் தன் பையிலிருந்தா கொடுத்தார்? உங்கள் சதுர அடி விலையில் ஏற்றி உங்களிடம் வாங்கித்தான் கொடுத்தார். தானம் செய்தவர் நீங்கள். வாசலில் நின்று கைகட்டுகிறவரும் நீங்களா?

எங்கள் ஊராட்சியில் எதிர்வீட்டு அக்கா ஒருவர் தையல் மெஷின் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த மனைப்பிரிவின் பூங்கா இடத்துக்கான தானப் பத்திரத்தின் நகல் வேண்டும். முப்பது நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. மேல்முறையீடு போட்டார். நகல் வந்தது. அதை பிளவுஸ் அளவு நோட்டுக்குள் செருகிக்கொண்டு மே 1 கிராம சபைக்குப் போனார். நானும் போனேன், பின்வரிசையில் உட்கார.

“நிதி இல்லைம்மா” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

“நிதி இல்லைன்னா பரவாயில்லைங்க. இடம் எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க” என்றார் அக்கா.

பந்தலே அமைதியானது. அன்று எழுதிய தீர்மானத்தில் ஐந்தாவது வரி அந்த இடத்தை அளந்து கல் நட வேண்டும் என்பது. அடுத்த கூட்டத்துக்குள் கொட்டகைக்காரர் தானாகவே தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அக்கா கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. காகிதம் கையிலிருந்தது, அவ்வளவுதான். பின்வரிசையில் இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது, நான் பட்டதாரி.

பணத்துக்கும் வழி உண்டு. நமக்கு நாமே திட்டம் 1997-இலிருந்து பெயர் மாறியும் நின்றும் மீண்டும் வந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் நகரில் 118 வீடு. வீட்டுக்கு 1,500 கேட்டோம். 31 வீடு கடைசிவரை தரவில்லை. (இன்று காலை நடைக்கு முதலில் வருகிறவர்கள் அவர்கள்தான், வரட்டும்.) 87 வீட்டுப் பணத்தை வரைவோலையாக எடுத்தோம். வேலியும் நடைபாதையும் வந்தன.

கருவேலத்தை வெட்டும்போது உள்ளே ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல் நிறுத்தி மேலே ஒன்று படுக்கவைத்தது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவள் நினைவாக நட்டு, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி மூச்சுவாங்கட்டும் என்று விட்ட கல். “ஓரமா தள்ளிடவா?” என்று ஜே.சி.பி. ஓட்டுநர் கேட்டார். அக்கா கல்லருகே போய் நின்றுகொண்டார். நடைபாதை இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த வளைவுதான் பூங்காவிலேயே பிடித்த இடம்.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமா? சென்னை சென்ட்ரலில் இறங்குங்கள். 1859-இல் கவர்னராக வந்த டிரெவெலியன் யோசனையில் நூறு ஏக்கருக்கு மேல், குளங்களோடு ‘பீப்பிள்ஸ் பார்க்’ இருந்த மண் அது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் எழுந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்குத்தான்! பூங்கா மட்டும் போயிற்று. கொட்டகைக்காரர் மட்டும்தான் தின்பார் என்று நினைக்காதீர்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத மேடை இல்லை. குடவோலை என்று கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய அந்தக் கல்லில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது; அவர் உறவுக்காரர் பெயரையும் கூடாது. தோட்டத்துக்கு ஒரு குழு, அந்தக் குழுவிடம் கணக்குக் கேட்க ஒரு ஊர்! கோயில் சுவரில் பொறித்த கேள்வியை உங்களால் வாய்விட்டுக் கேட்க முடியாதா?

முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. எது பக்கத்தில் வருகிறதோ அதைக் காலண்டரில் வட்டமிடுங்கள். வரைபடத்தை இப்போதே இரண்டு நகல் எடுத்து ஒன்றை லேமினேட் செய்துவிடுங்கள். டீ கொட்டும், கை மாறும். பின்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.