மேய்ப்பர் போனபின்னும் நின்ற சபை

கிறிஸ்துவை நேசிக்கிறோம், சபை மாத்திரம் வேண்டாம் என்பவர்கள் இந்நாட்களில் அநேகர். சபையில் குறைகள் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் தம்மை ஒப்புக்கொடுத்தது அந்தச் சபைக்காகவே (எபே. 5:25).

கரமனைப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் சாலை நாகர்கோவிலை அடைகிறது. அதற்கும் அப்பால் மயிலாடி. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர் அங்கே 1809இல் ஆலயம் கட்டினார். 1816இல் சரீர பலவீனத்தோடு அவர் புறப்பட்டபோது, மந்தையை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்புவித்தார். மீட் ஐயர் வந்து சேர்ந்ததோ 1818இல். இடையில் மிஷனெரி இல்லை. ஜாதியின் நுகமும் நீங்கவில்லை. ஆனாலும் சபை சிதறிப்போகவில்லை.

உங்கள் போதகர் மாற்றலாகிப் போனாரென்றா, கமிட்டியில் ஒருவர் கடுஞ்சொல் சொன்னாரென்றா ஆலயத்தில் உங்கள் இடம் இத்தனை ஞாயிறுகளாய் வெறுமையாயிருக்கிறது?