எல்லைக்கு வெளியே

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினீயர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் கடலில் கழித்தவர். அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அப்படி அவர் சென்ற மாதம் சொன்ன ஒரு விஷயம் என்னை இன்னும் விட்டபாடில்லை.

“சார், வயலுக்குப் போடுகிற யூரியா இருக்கிறதே, அதைக் கரைத்துக் கப்பலிலும் வைத்திருக்கிறோம், தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தெரியாது. அவரே விளக்கினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். அது பரம சாது; எந்த வம்புக்கும் போகாது. ஆனால் கப்பல் எஞ்சினுக்குள் இருக்கும் உக்கிரமான சூட்டில் அதுவும் பிராணவாயுவோடு சேர்ந்து நச்சு வாயுவாகிவிடுகிறது. இது எண்ணெயின் அழுக்கினால் மட்டும் வருகிற வினை அல்ல. எண்ணெயைச் சிக்கனமாக எரிக்க வேண்டுமென்று சூட்டைக் கூட்டினால், இந்த வாயுவும் கூடிவிடும். வெளியேறும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்து, அதற்கென்று உள்ள ஒரு கருவியின் வழியாக அனுப்பினால், நஞ்சில் பெரும்பகுதி மறுபடியும் சாதுவான நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடுமாம்.

“நல்ல ஏற்பாடாயிற்றே!” என்றேன்.

“நல்ல ஏற்பாடுதான். அதை எப்போது போடுவோம், எப்போது நிறுத்துவோம் என்று கேளுங்கள்.”

பால்டிக் கடலுக்கும் வட கடலுக்கும் ஒரு சர்வதேச விதி உண்டு. 2021 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டத் தொடங்கிய கப்பல்கள் அங்கே போகும்போது, பெரிய எஞ்சினாக இருந்தால், ஒரு கிலோவாட்-மணி சக்திக்கு 3.4 கிராமுக்கு மேல் இந்த வாயுவை விடக் கூடாது. எல்லைக்கு வெளியே அதே எஞ்சின் 14.4 கிராம் வரை விடலாம். “ஆங்கிலக் கால்வாயின் மேற்கு எல்லையைத் தாண்டியதும் அணைத்துவிடுவோம். சட்டப்படி தப்பே இல்லை. யூரியாவுக்குப் பணம் ஆகிறதல்லவா?” என்றார்.

அதே கப்பல், அதே எஞ்சின், அதே மனிதர். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் வேறு நியாயம்!

விதி செய்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பால்டிக் ஏறக்குறைய ஒரு பெரிய ஏரி. புகையிலுள்ள நைட்ரஜன் மழையோடு அதில் விழுந்தால் உரமாகிறது, பாசி மண்டுகிறது, பாசி அழுகும்போது அடியிலுள்ள நீரில் பிராணவாயு தீர்ந்துபோகிறது. அதைத் தடுக்க அந்தக் கரையிலுள்ள நாடுகள் கூடிப் பேசி ஒரு கோடு கிழித்தன. மகாசமுத்திரம் பரந்தது, அங்கே போனால் என்ன என்று கேட்பதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் ‘அங்கே யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்க முடியாதபடி ஒரு சாட்சி ஆகாயத்தில் இருக்கிறது. 1995-ல் ஐரோப்பியர் ஏவிய செயற்கைக்கோள் ஒன்றின் அளவுகளை ஆராய்ந்து, 2004-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஒரு படம் வெளியிட்டார்கள். இலங்கையின் தென்கோடியிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை, கடல் மேல் ஒரு நேர் கோடு! இந்த வாயுவுக்குச் சில மணி நேரமே ஆயுள். காற்றில் பரவி மறைவதற்குள் மடிந்துவிடும். அப்படியும் கோடு அழியவில்லை என்றால், ஒரு கப்பல் போன இடத்தில் உடனே இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டின் ஒரு முனையில் இலங்கைக் கரை. மறுமுனையில் மலாக்கா ஜலசந்தியின் இரு கரைகள். ஆளில்லாத இடமா அது?

இதற்கு யாரைக் கேட்பது? கப்பலின் சொந்தக்காரர் ஒரு தேசம். அதில் பறக்கும் கொடி பனாமாவுடையதாகவோ லைபீரியாவுடையதாகவோ இருக்கும். மாலுமிகள் வேறு தேசம். சரக்கு? அது உங்களுக்கும் எனக்கும்தான். இத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்ட குற்றத்தில் ஒருவர் கைக்கும் கறை தெரிவதில்லை.

எஞ்சினீயரைக் கண்டிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு லட்சணமாக இருந்தது. பெருக்கிய குப்பை, எங்கள் சுவர் முடிகிற இடத்துக்கு இரண்டடி அப்பால் குவிந்து கிடந்தது. பல வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. எந்தச் சட்டமும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

சாயங்காலம் அவரிடம் போனேன். “அணைத்தபோது உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அணைக்கும்போது தோன்றாது, சார். இலங்கைக்குத் தெற்கே இரவில் போகும்போது மேல்தளத்துக்கு வந்து நிற்பேன். தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம் தெரியும். அதற்குப் பின்னால் வீட்டு விளக்குகள் இருப்பது போல இருக்கும். அப்போது தோன்றும்” என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு அந்த இரண்டடி தூரம் நடந்தேன்.