சூதும் திறனும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு செயலைச் செய்தவன் அப்பொழுது அறிந்திருந்தவற்றைக் கொண்டு அதனை மதிப்பிடுவதா, அன்றி அதனால் விளைந்ததைக் கொண்டு மதிப்பிடுவதா என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. நல்லெண்ணத்தின் பெறுமதி விளைவினால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது காண்ட் கொண்ட நிலை. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் இந்நிலையை அசைத்துப் பார்த்தனர். ஒரே அளவு கவனயீனத்தோடு வண்டியோட்டும் இருவருள் ஒருவனுக்கு எதிரே குழந்தை ஒன்று ஓடி வந்துவிடுகின்றது, மற்றவனுக்கு வரவில்லை. உலகம் அவ்விருவரையும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. இவ்வினாவை நூலகத்திலிருந்து விவாதிப்போர் பலர். ஆனால் நாள்தோறும் சில நூறு தடவை, கைப்பணத்தை வைத்து, அதனை எதிர்கொள்ளும் கூட்டத்தார் ஒருவரும் உளர். இணையத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடி அதனையே பிழைப்பாகக் கொண்டோரே அவர்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. இன்று மிகப் பரவலாக ஆடப்படும் ‘ஹோல்டெம்’ வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும்; ஐந்து சீட்டுகள் படிப்படியாக நடுவே திறந்து வைக்கப்படும்; ஒவ்வொரு படியிலும் பந்தயம் உயரலாம். ஏனையோர் பின்வாங்கிவிட்டால் எஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்வான். எனவே, பயனற்ற சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை உயர்த்திப் பிறரை அஞ்சி விலகச் செய்தலும் ஆட்டத்தின் முறையான ஒரு பகுதியே. 1944 இல் ஜோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேர்னும் வெளியிட்ட நூலில் போக்கருக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, இப்பொய் ஆடுபவனது குணக்கேட்டினால் எழுவதன்று, சரியான ஆட்டத்தின் கணிதத் தேவையே என்று காட்டினர். ஒருமுறை சீட்டுப் பகிர்ந்து பணம் ஒருவரைச் சேரும்வரை நிகழ்வதனை ஆடுவோர் ‘ஒரு கை’ என்பர்.

இரண்டு ஏஸ் சீட்டுகளைக் கொண்டவனும் இரண்டு இராசாக்களைக் கொண்டவனும் தம் பணம் முழுவதையும் வைத்து மோதுகின்றனர் எனக் கொள்க. நூறு தடவையில் ஏறத்தாழ எண்பத்திரண்டு தடவை முன்னவன் வெல்வான். எஞ்சிய பதினெட்டுத் தடவை தோற்பான். அவ்வாறு தோற்ற இரவில் அவன் செய்தது பிழையா? தேர்ந்த ஆட்டக்காரன் தயங்காது ‘இல்லை’ என்பான். பணத்தை வைத்த கணத்தில் அவன் அறிந்தவை அவ்வளவே. அவ்வறிவுக்குத் தக்கதையே அவன் செய்தான். பின்னர் திறந்த சீட்டு அவனுடைய செயலன்று. இதனை உதட்டளவில் ஒப்புக்கொள்வது எளிது. ஆறு மாத வருவாய் ஒரே சீட்டில் கைநழுவிய பின்னரும் அடுத்த கையை அதே அமைதியோடு ஆடுவது வேறு. அவ்வமைதி குலைந்து, இழந்ததை உடனே மீட்க வேண்டுமென்னும் வெறியில் ஆடும் நிலையை அவர்கள் ‘ரில்ற்’ எனப் பெயரிட்டழைக்கின்றனர். தோல்வியால் வரும் வெறியைப் போலவே வெற்றியால் வரும் செருக்கும் அப்பெயருக்குள் அடங்கும். விளைவில் பற்றின்றிச் செயலில் மட்டும் கருத்தூன்றுதல் என்று சமய நூல்களும் தத்துவ நூல்களும் போற்றும் பண்பினை, சூதாடுமிடத்தில் பழகிய இளைஞர் சிலர் உண்மையாகவே ஓரளவு எய்தியிருக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. சூது என்றவுடன் முகஞ்சுளித்து அப்பாற் செல்வோர் காணத் தவறுவது இதுவே.

அவ்வமைதிக்கு எவ்வளவு தேவையுண்டு என்பதைக் கணக்கே காட்டும். ஒவ்வொரு கையின் தொடக்கத்திலும் கட்டாயமாக வைக்கப்படும் பெரிய பந்தயத்தை ஓர் அலகு எனக் கொண்டால், நூறு கைகளுக்குச் சராசரியாக ஐந்து அலகு வெல்பவன் சிறந்த ஆட்டக்காரனே. ஆனால் அந்நூறு கைகளுக்கான நியம விலகல் தொண்ணூறு அலகளவில் இருக்கும். இவற்றைக் கொண்டு கணிப்பின், பத்தாயிரம் கைகள் ஆடிய பின்னும் இத்தகைய சிறந்த ஆட்டக்காரர் பத்துப் பேருள் மூவர் நட்டத்திலேயே நிற்பர். உண்மையான மேசையொன்றில் மணிக்கு முப்பது கைகள் அளவிலேயே ஆடலாமாகையால், பத்தாயிரம் கைகள் முந்நூறு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பாகும். இணையத்திலோ ஒருவர் பல மேசைகளில் ஒருங்கே ஆடுவதால் அது சில நாள்களில் முடிந்துவிடும். இலட்சம் கைகள் ஆடினால் நட்டமடைவோர் நூற்றுக்கு நால்வராகக் குறைவர். ஆகவே நீண்ட காலத்தில் திறன் வெல்லும் என்பது உண்மை. அந்நீண்ட காலம் வரும்வரை தாக்குப் பிடிக்கும் மூலதனமும் மனமும் வேண்டும் என்பதும் உண்மை. ஸ்ரூ உங்கர் 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தை வென்றவர். 1998 நவம்பரில், நாற்பத்தைந்தாம் வயதில், அந்நகரின் மலிவான விடுதியொன்றில் சொத்தேதுமற்றவராகவே இறந்து கிடந்தார். அவருக்குக் குறைந்தது சீட்டறிவன்று. இணைய வழியே, நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தில் அதே போட்டிக்கு இடம்பெற்று, 2003 இல் 838 பேரை விஞ்சி இருபத்தைந்து இலட்சம் டொலர் வென்ற கணக்காளர் கிறிஸ் மனிமேக்கரின் கதையே உலகெங்கும் பரவியது. மூன்றே ஆண்டுகளில், 2006 இல், அப்போட்டியில் 8,773 பேர் கலந்துகொண்டனர்.

அந்த எண்ணாயிரத்துச் சொச்சம் பேரையும் அங்கு ஈர்த்தது எது என வினவுமிடத்து, முற்கூறிய கணக்கின் மறுபக்கம் தெரியவருகின்றது. நூறு கைகளுக்கு ஐந்து அலகு தோற்கும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் கைகளின் முடிவில் இத்தகையோர் நூற்றுக்கு நாற்பத்துமூவர் இலாபத்தில் இருப்பர். பத்தாயிரம் கைகளின் முடிவிலும் பத்தில் மூவர் வென்றே நிற்பர். தாம் திறனற்றவர் என்பதை அவர்கள் அறிவதெவ்வாறு? கையில் இருக்கும் பணம் அவர்களுக்கு வேறு செய்தியன்றோ கூறுகின்றது! சதுரங்கத்தில் புதியவன் ஒருவன் வல்லவனிடம் பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்று, பதினோராவது ஆட்டத்துக்குப் பணம் வையான். போக்கரில் அவன் சில வேளை வெல்கின்றான், வென்றபோது அது தன் திறனென்றும், தோற்றபோது சீட்டின் கேடென்றும் எண்ணுகின்றான், மறுநாளும் வருகின்றான். தொழில்முறை ஆட்டக்காரன் எந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி இரவில் தூக்கமின்றிப் புரள்கின்றானோ, அதுவே அவனுக்கு உணவிடுகின்றது. ஏஸ் இரண்டும் தோற்ற அப்பதினெட்டுத் தடவைகள் இல்லாதிருப்பின், எதிரே அமர ஒருவரும் இரார்.

இவ்விடத்து ஆட்டக்காரர் தரப்பினர் வழக்கமாக முன்வைக்கும் நியாயம் ஒன்றை நோக்குதல் தகும். போக்கர் தற்செயலன்று, திறன். ஆகவே அது சூதன்று, நேர்மையான தொழில் என்பர். நீதிமன்றங்களும் பலகாலம் இவ்வினாவையே சுற்றி வந்துள்ளன. 2012 இல் நியூயோர்க்கில் நீதிபதி ஜாக் வைன்ஸ்ரீன் போக்கரில் திறனே மேலோங்கியது எனத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பினை மாற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டுகளாகவே கொண்டது. 2025 இல் இந்தியப் பாராளுமன்றம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்தபோது, திறனா தற்செயலா என்ற பாகுபாட்டையே விட்டுவிட்டது. சட்டம் எவ்வாறேனும் போக. அறத்தின் கண்கொண்டு நோக்குமிடத்து இந்நியாயம் தலைகீழாகின்றது. ஆட்டம் முழுவதும் தற்செயலாயின், வென்றவனும் தோற்றவனும் சமமான அறியாமையோடு அமர்ந்தவராவர். ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைத்தார் என்பதற்கில்லை. திறன் மிகுந்தது என்று கூறும்போதே, வென்றவன் எதிரே இருப்பவனின் அறியாமையை அறிந்தே அமர்ந்தான் என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது. சட்டத்தின் முன் விடுதலை தரும் சாட்சியம் இங்கே குற்றச்சாட்டாக நிற்கின்றது.

வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென வகுத்த அதிகாரமும் பெரும்பாலும் ஆடுபவனுக்கு நேரும் கேட்டினையே பேசுகின்றது. தொடர்ந்து வெல்லும் ஒருவன் தோற்பவனுக்கு என்ன கடப்பாடுடையவன் என்ற வினா அக்காலத்தில் எழுந்திராது போலும்.

வணிகனும் வழக்கறிஞனும் பங்குச் சந்தையில் ஈடுபடுவோனும் பிறர் அறியாமையினால் பயனடையவில்லையா என்று கேட்கலாம். அடைகின்றனர். ஆனால் வணிகனிடம் ஏமாந்தவனும் ஒரு பொருளைக் கொண்டு செல்கின்றான். போக்கர் மேசையிலோ ஒருவனது இலாபம் இன்னொருவனது நட்டமன்றி வேறில்லை. நடத்தும் தளம் ஒவ்வொரு கையிலும் எடுத்துக்கொள்ளும் தரகினால் மேசைக்கு வந்த பணம் குறைந்தே வெளியேறும். தோற்பவன் பொழுதுபோக்கினைப் பெறுகின்றான் என்பர் சிலர். சிறு தொகைக்கு ஆடி, போனது போகட்டும் என்று எழுந்து செல்வோர் அவ்வாறு பெறுகின்றனர். அதனை மறுக்க வேண்டியதில்லை. வாடகைப் பணத்தோடு அமர்ந்தவனும் அதே மேசையில்தான் இருக்கின்றான். திரையில் தெரியும் புனைபெயர் அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டாது.

அவன் உடன்பட்டே ஆடினான் என்பது வலுவான வாதம். உடன்பாடு என்பது எதனை அறிந்து உடன்பட்டது என்பதிலேயே தங்கியிருக்கின்றது. 2009 இன் இறுதியில் ‘இசில்டூர்1’ என்னும் புனைபெயருடன் தோன்றிய சுவீடன் இளைஞர் விக்ரர் புளொம், உலகின் மிகச் சிறந்தோரை எதிர்த்துப் பெருந்தொகைகளை வென்று, டிசெம்பர் 8 ஆம் திகதி ஒரே நாளில் பிரையன் ஹேஸ்ரிங்ஸிடம் ஏறத்தாழ நாற்பத்திரண்டு இலட்சம் டொலர் தோற்றார். ஹேஸ்ரிங்ஸ் தம் நண்பர் இருவரோடு சேர்ந்து புளொம் முன்னர் ஆடிய கைகளை ஆராய்ந்திருந்தார் என்பது பின்னர் வெளிவந்தபோது, ஆட்டக்காரர் சமூகமே கொதித்தெழுந்தது. தாம் ஆடாத கைகளின் பதிவுகளைப் பெற்றமை தளத்தின் விதிக்கு முரணானது என அந்நண்பருள் ஒருவர் ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. தான் ஒருவரோடு ஆடுவதாக எண்ணியவர் மூவரோடு ஆடினார் என்பதே முறையீடு. நியாயமான முறையீடுதான். ஆனால், தன் ஒவ்வொரு நகர்வையும் கணினி பதிந்து எதிராளிக்குப் புள்ளிவிபரமாகக் காட்டுகின்றது என்பதை அறியாமல் ஐம்பது டொலரோடு அமர்ந்த புதியவனுக்காக அத்தகைய கொதிப்பு எழுந்ததில்லை.

2011 ஏப்பிரல் 15 இல் அமெரிக்க அரசு மூன்று பெருந்தளங்களின் நடத்துநர் மீது வழக்குத் தொடுத்தபோது, அறியாமை தொழில்முறையினர் பக்கம் வந்துசேர்ந்தது. அவற்றுள் ஒன்றான ஃபுல் ரில்ற் ஆட்டக்காரருக்குச் செலுத்த வேண்டியிருந்தது ஏறத்தாழ 39 கோடி டொலர். வங்கியில் இருந்தது ஏறத்தாழ 6 கோடி. சீட்டின் ஒவ்வொரு நிகழ்தகவையும் கணித்தவர்கள் தம் பணம் வைக்கப்பட்ட இடத்தைக் கணிக்கவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பலர் தம் பணத்தைக் காண 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களுடைய துயரை எள்ளுதல் தகாது. எனினும், விதிகளை நம்பி அமர்ந்தவன் தான் அறியாத ஒன்றினால் தோற்பது எத்தகையது என்பதை அவர்கள் அன்று அறிந்திருக்கக்கூடும்.

பொறி ஒன்று இவ்வாட்டத்தினை ஆடும் முறை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் ஆக்கிய ‘லிப்ராற்றஸ்’ என்னும் நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 கைகளில் வென்றது. அது எதிராளரின் பிழைகளைத் தேடவில்லை. அவர்கள் பகலில் கண்டுபிடித்த தன் ஓட்டைகளை இரவுதோறும் அடைத்துக்கொண்டது, அவ்வளவே. எவராலும் வெல்லப்படாதிருத்தல் என்பதே அதன் நோக்கு. எதிரே இருப்பவன் யாராயினும் அதற்கு ஒன்றே. மனிதனால் இவ்வாறு ஆட முடியாதென்றில்லை. ஆடிப் பிழைக்க முடியாது. வல்லவர் அறுவர் கூடிய மேசையில் தரகு எடுக்கும் தளமொன்றே வெல்லும். ஆகவே எம்மேசையில் அமர்வது என்பதே தொழில்முறையினனின் முதலாவது உத்தியாயிற்று. பந்தயம் உயர்த்துவதும் விலகுவதும் அதன் பின்னரே. நலிந்த ஆட்டக்காரரின் புனைபெயர்களைக் குறித்துவைத்து, அவர்கள் அமரும் மேசையைத் தேடி இடம்பிடிக்கும் நிரல்களைக்கூடச் சிலர் பயன்படுத்தினர். தளங்கள் சில பெயர்களை மறைத்ததற்கும் இது ஒரு காரணம்.

இணையத்தில் ஆடுவோர் அடிக்கடி கண்ட காட்சி ஒன்றுண்டு. ஆறு பேர் கொண்ட மேசையில், ஐவர் ஒருவரையொருவர் நன்கறிந்த வல்லவர், ஆறாமவன் புதியவன். இடத்துக்காக வெளியே பலர் வரிசையில் காத்திருப்பர். புதியவனது பணம் தீர்ந்து அவன் எழுந்து போவான். அடுத்த கை பகிரப்படுவதில்லை. ஐவரும் ஒருவர்பின் ஒருவராக விலகுவர். காத்திருந்தோர் வரிசை கலையும். ஒரு நிமிடத்துள் திரையில் வெறும் மேசை மட்டும் நிற்கும்.