ஆறு வயதின் குற்றம்

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டின் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டத்தை ஒட்டிப் பரவிய ‘பூஜ்ய சகிப்புத்தன்மை’, அதாவது மீறியவரின் வயதையும் நோக்கத்தையும் கருதாமல் முன்பே வகுத்த தண்டனையை அப்படியே விதிக்கும் முறை, 2009-இல் டெலவேர் மாநிலத்தில் கத்தியும் கரண்டியும் முள்கரண்டியும் ஒன்றாக மடங்கும் கருவியை மதிய உணவுக்கெனக் கொண்டுவந்த ஆறு வயதுச் சிறுவனை 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தது. சிறுவர் தம் விருப்பப்படி செயல்படினும் ஆராய்ந்து தேர்ந்து செயல்படுவதில்லை என்று அரிஸ்டாட்டில் வகுத்த வேறுபாட்டின்படி, அச்சிறுவனிடம் குற்றம் காண இடமேயில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றே என்று வாதிடுவோர்க்கும் அவரிடமே விடை உண்டு: சட்டம் பொதுவாகவே பேசுவதால், அது பிழைபடும் இடத்தில் அதைத் திருத்தும் ‘எபியிகேயா’ எனும் நியாய உணர்வும் நீதியே. 1994-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, தனித்தனி நேர்வுகளில் தண்டனையைத் தளர்த்த நிர்வாகிக்கு இடமளித்திருந்தது. எதிர்ப்பு எழுந்தபின், மழலையர்க்கும் முதல் வகுப்பினர்க்குமான தண்டனையை மூன்று முதல் ஐந்து நாள் இடைநீக்கமாகப் பள்ளி வாரியம் குறைத்தது. ஆறு வயதுக்கு அதுவும் மிகுதியே.